ஜெர்மனியில் ஒரு ஃபிஸ்ட்பால் ஆட்டக்காரர் எப்படி உருவாகிறார்? நம்ம குமரி வாலிபால் பிள்ளைகளுக்கு அதில் எதை எடுக்கலாம்?

கல்குளம்_பிடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தக்கலை வட்டாரத்துல மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபிஸ்ட்பால் (நெட்டுக்குப் பதிலா நடுவுல கட்டின பட்டைக் கயிற்றுக்கு மேல, முஷ்டியாலும் முன்கையாலும் பந்தை அடிக்கிற, அணிக்கு அஞ்சு பேர் ஆட்டம்) தொடங்கலாம்னு ஒரு திட்டம். 14 முதல் 17 வயசு, எல்லாரும் வாலிபால் ஆடுறவங்க. ஆண்கள் உலகப் பட்டம் 2011, 2015, 2019, 2023-னு தொடர்ந்து நாலு தடவை ஜெர்மனிக்குத்தான் போயிருக்கு. அதனால அங்கே ஒரு ஆட்டக்காரர் சின்ன வயசுல இருந்து தேசிய அணி வரைக்கும் எந்தப் படிகள்ல ஏறி வர்றார், எப்போ அவருக்கு இடம் நிச்சயமாகுது, இதுல வருமானம் உண்டா, எத்தனை வயசு வரை ஆடுறாங்க என்பதெல்லாம் முதல்ல தெரியணும்.

அடுத்தது, வாலிபால் கை படிஞ்ச பிள்ளைகளை மாத்தும்போது எங்கே தகராறு வரும்? மைதானம் சரல் மண். ஜெர்மன் பந்து இங்கே கடையில கிடையாது. கிடைக்கிறதை வச்சு எப்படி ஒப்பேத்தலாம்? விவரமா சொல்லுங்க.

நாஞ்சில்_அட்டாக்கர்:

சார், வருமானத்தை முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா அதுதான் வீட்டுல முதல் கேள்வியா வரும். கிடையாது. ஜெர்மனியில முதல்நிலை லீக் பன்டஸ்லிகா. வடக்கு, தெற்குன்னு ரெண்டு பிரிவு. அதுல ஆடுறவங்க, உலக சாம்பியன்கள் உள்பட, வேலையோ படிப்போ வச்சிருக்கிறவங்கதான். சாயங்காலம் பயிற்சி, வாரக் கடைசியில ஆட்டம். ஃபுட்பால் பன்டஸ்லிகாவை மனசுல வச்சுக்கிட்டு இதைப் பார்த்தா கணக்கு தப்பும்.

அங்கே ஒரு ஆட்டக்காரரை உருவாக்குறது ஊர் கிளப். ஹெஸ்ஸன் மாநிலத்துல டார்ம்ஸ்டாட் பக்கம் ஃபுங்ஸ்டாட்னு ஒரு சின்ன ஊர். அந்த ஊர் கிளப்பான டி.எஸ்.வி. ஃபுங்ஸ்டாட் ஜெர்மன் பட்டம், ஐரோப்பியக் கோப்பை எல்லாம் எடுத்த அணி. 2019-ல ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர்ல உலகப் பட்டம் ஜெயிச்ச ஜெர்மன் அணியின் முக்கிய அட்டாக்கர் பேட்ரிக் தாமஸ் அந்தக் கிளப் ஆள். கேப்டனா இருந்த ஃபாபியான் சாக்ஸ்டெட்டர் பவேரியாவின் ஷ்வைன்ஃபுர்ட்-ஓபர்ன்டார்ஃப் கிளப். ரெண்டுமே பெருநகரக் கிளப் இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கமா ஆரம்பிச்சு, ஒரே குடையின் கீழ நாலஞ்சு விளையாட்டு நடத்துற ஊர்ச் சங்கங்கள். நம்ம மாவட்டத்துல ஒவ்வொரு பங்குக்கும் ஒவ்வொரு ஊருக்கும் இளைஞர் மன்றம் இருக்கே, அந்த அமைப்பு இதுக்குக் கிட்டத்துல வரும். வித்தியாசம் என்னன்னா, அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் வருஷம் முழுக்க ஆட்டம் உண்டு. இங்கே திருவிழா டோர்னமென்ட் முடிஞ்சா பந்தை அலமாரியில வச்சுப் பூட்டிடுறோம்.

படிகள்னு பார்த்தா: 12, 14, 16, 18 வயசுக்கு உட்பட்டவங்கன்னு பிரிவுகள். ஒவ்வொண்ணுக்கும் வட்டார ஆட்டம், பிறகு மேல்நிலை. நல்லா ஆடுற பிள்ளையை மாநிலத் தேர்வு அணிக்கு எடுப்பாங்க. மாநில அணிகள் தங்களுக்குள்ள மோதுற போட்டி தனியா உண்டு. தேசிய இளையோர் பயிற்சியாளர்கள் பிள்ளைகளைப் பார்க்கிற இடம் அது. அதுக்கு மேல 18 வயசுக்கு உட்பட்டோர் உலக சாம்பியன்ஷிப். 2016-ல நியூரம்பர்க், 2018-ல அமெரிக்காவின் ராக்ஸ்பரி. பிறகு 21 வயசுப் பிரிவு, அதைத் தாண்டி சீனியர்.

இதுல நம்ம ஆட்கள் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. அங்கே வருஷத்துக்கு ரெண்டு சீசன். கோடையில புல்தரையில 50 × 20 மீட்டர் களம். குளிர்காலத்துல உள்ளரங்கத்துல 40 × 20. ரெண்டுக்கும் தனித்தனி தேசியப் பட்டம். அரங்கத் தரையில பந்து வேகமா, தாழ்வா வரும். கால் சட்டுனு நகரணும். வெளியில காற்று, ஈரம், புல்லோட மேடு பள்ளம் எல்லாத்தையும் கணக்கு பண்ணணும். 10 வயசுல சேர்ந்த பிள்ளை 18 வயசுக்குள்ள 16 சீசன் பார்த்திருக்கும். வேற எந்த நாட்டுக்காரனை விடவும் ஜெர்மன் ஆட்டக்காரன் பவுன்ஸை முன்கூட்டியே படிக்கிறானே, அதுக்குக் காரணம் இந்த 16 சீசன்தான். உயரமோ பலமோ ரெண்டாம்பட்சம்னு நான் நினைக்கிறேன்.

இடம் பிரிக்கிறதை அவசரப்படுத்தாதீங்க. களத்துல அஞ்சு பேர்: முன்னால ரெண்டு அட்டாக்கர், நடுவுல ஒரு செட்டர், பின்னால ரெண்டு டிஃபெண்டர். நம்ம ஊர்ல 13 வயசுலயே உயரமா இருக்கிறவனை அடிக்க நிறுத்திடுறோம். அவன் கடைசி வரை ஒரு பந்தைக்கூட எடுக்கப் படிக்கிறதில்லை. 16 வயசு வரை அஞ்சு இடத்துலயும் சுத்த விடுங்க.

ஆயுசு நீளமான ஆட்டம் இது. 30 தாண்டின அட்டாக்கர்கள் முதல்நிலையில உண்டு. அதுக்குப் பிறகும் 35, 45, 55-க்கு மேற்பட்டோர்னு பிரிவுகள் இருக்கு. ஒரே கிளப்ல தகப்பனும் மகனும் வேற வேற பிரிவுல ஆடிட்டு இருப்பாங்க.

விளவங்கோடு_கோச்:

வாலிபால் பிள்ளைகளோட கைப்பழக்கத்தைப் பற்றி நான் சொல்றேன்.

முதல் தகராறு ரெண்டு கை. வாலிபால்ல கைகளைச் சேர்த்து எடுக்கிற டிக் இங்கே தப்பு. ஒரே கைதான். உள்ளங்கை, விரல் எதுவும் படக்கூடாது, அதனால மேல் கைவிரலால செட் பண்றதும் போச்சு. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவுல உள்பக்கமா இருக்கிற தட்டையான சதைப்பகுதிதான் பந்து எடுக்கிற இடம். முழங்கை நேரா இருக்கணும், அசைவு தோள்ல இருந்து வரணும். பழக்கதோஷத்துல இன்னொரு கை தானா வந்து சேரும். முதல் ரெண்டு வாரம் அந்தக் கையால முதுகுக்குப் பின்னால டிராக் பேன்ட் இடுப்பைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. வேற வழியில்லாம ஒரு கையால எடுப்பாங்க.

ரெண்டாவது, பந்து தரையில விழறதுக்குள்ள ஓடிப்போய் எடுக்கிற பதட்டம். இங்கே ஒவ்வொரு தொடலுக்கும் முன்னால ஒன்-பிட்ச் அனுமதி உண்டு. எதிரணி அடிச்ச பந்து நம்ம களத்துல ஒரு தடவை குத்தி எழும்பலாம், எடுத்த பிறகு அடுத்தவர் தொடுறதுக்கு முன்னாலயும் ஒரு தடவை குத்தலாம். வாலிபால் பிள்ளை முன்னால பாய்வான், பந்து அவன் தலைக்கு மேல எழும்பிப் பின்னால போயிடும். பின்வரிசை ஆளை எல்லைக்கோட்டுக்கு ஒண்ணு ரெண்டு எட்டு உள்ளே நிறுத்தி, உயர வர்ற பந்துக்குப் பின்னால போகப் பழக்குங்க. களத்துக்குள்ள குத்தின பந்தைக் களத்துக்கு வெளியே நின்னு எடுக்கலாம். தாழ்வா வழுக்கி வர்ற சர்வீஸை மட்டும் குத்த விடாம நேரா எடுக்கணும், ஏன்னா அது முழங்காலுக்கு மேல எழும்பாது. எதை விடணும், எதை விடக்கூடாதுன்னு பிரிக்கிற கண்ணுதான் டிஃபெண்டரோட முழுத் தொழிலும்.

மூணு தொடலும் மூணு வேறு ஆள் தொடணும். வாலிபால்ல முதல்ல எடுத்தவனே மூணாவதா அடிக்கலாம், இங்கே முடியாது. எதிரணி இதைத்தான் பயன்படுத்தும்: மெயின் அட்டாக்கர் மேலேயே சர்வீஸ் போட்டு அவனை முதல் தொடல் தொட வைக்கும். அதனால ரெண்டு அட்டாக்கருமே அடிக்கத் தெரிஞ்சவங்களா இருக்கணும்.

முஷ்டி: கட்டைவிரலை உள்ளே மடக்கவே கூடாது. வேகமா அடிக்கும்போது மூட்டு பிசகிடும். மத்த நாலு விரலையும் இறுக்கி மடக்கி, கட்டைவிரலை ஆள்காட்டி விரல் பக்கவாட்டுல ஒட்டி வைங்க. பந்து படுற இடம் மடிஞ்ச விரல்களோட தட்டைப் பரப்பு. முட்டி எலும்புல பட்டா வலியும் மிஞ்சும், பந்தும் திசை மாறும்.

செட்: பந்து கயிற்றுல இருந்து ஒரு மீட்டர் பின்னால, கயிற்றுக்கு மேல குறைஞ்சது 2 மீட்டர் எழும்பி இறங்கணும். கிட்டப் போனா அட்டாக்கர் கை கயிற்றுல படும். கயிற்றையோ கம்பத்தையோ பந்து தொட்டாலும் ஆள் தொட்டாலும் எதிரணிக்குப் பாயிண்ட். வாலிபால் நெட்ல உரசின பந்து தொடர்ந்து ஆட்டத்துல இருக்கும், பிள்ளைகள் அந்த நினைப்புலயே ஆடிட்டு இருப்பாங்க. விசில் அடிச்சு நிறுத்துங்க.

ஸ்கோர் எழுதுறவருக்கும் ஒரு எச்சரிக்கை. பாயிண்ட் எடுத்த அணி சர்வீஸ் போடாது. தப்பு பண்ணின அணிதான் அடுத்த சர்வீஸ் போடும். ரொட்டேஷன் கிடையாது, அஞ்சு பேர்ல யார் வேணும்னாலும் போடலாம், நடுக்கோட்டுல இருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிற கோட்டுக்குப் பின்னால இருந்து. அதனால நல்ல சர்வீஸ்காரன் ஒருத்தனே செட் முழுக்கப் போடுவான். ஒரு செட் 11 பாயிண்ட், ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வேணும், இழுத்துட்டே போனா 15-ல முடியும்.

தோள் பத்திரம். ஒருத்தனே எல்லா சர்வீஸும் எல்லா அடியும்னு போனா 15 வயசுத் தோள் தாங்காது. பயிற்சியில முழு வேக அடி ஒரு நாளைக்கு 40-ஐத் தாண்ட விடாதீங்க, அடுத்த நாள் அவனைப் பின்வரிசையில நிறுத்துங்க. முன்கை சிவந்து கன்றிப்போறது முதல் ரெண்டு மூணு வாரம் இருக்கும். முழுக்கை பனியன் போட்டா குறையும்.

அளவுநாடா:

மைதானம், பந்து ரெண்டும் என் பங்கு.

50 × 20 களம். பின்னால ரெண்டு பக்கமும் 8 மீட்டர், பக்கவாட்டுல 6 மீட்டர் காலியிடம் விட்டா மொத்தம் 66 × 32. நம்ம மாவட்டத்துல பள்ளி மைதானங்கள் துண்டு துண்டாத்தான் இருக்கு. அவ்வளவு இடம் இல்லைன்னா அரங்க அளவான 40 × 20-ஐப் போடுங்க. 50-ஐ வச்சுக்கிட்டுப் பின்னால இருக்கிற இடத்தைக் குறைக்காதீங்க. குத்தி எழும்புற பந்து அந்த இடத்துக்குத்தான் போகும், பின்வரிசைப் பிள்ளை சுவர்லயோ தென்னை மரத்துலயோ மோதும்.

கோடு போட: ஒரு 20 மீட்டர் பக்கத்தை முதல்ல முளையடிச்சு நிறுத்துங்க. மூலையில 6-க்கு 8 அளந்து குறுக்கு 10 வந்தா செங்கோணம் சரி. முழுக் களத்தோட குறுக்குவெட்டு 53 மீட்டர் 85 செ.மீ., பாதிக் களத்தோடது 32 மீட்டர் 2 செ.மீ. ரெண்டு குறுக்கும் ஒத்துப்போகலைன்னா கோடு போடாதீங்க. நடுக்கோடு 25-ல, அதுக்கு ரெண்டு பக்கமும் 3 மீட்டர்ல சர்வீஸ் கோடு. சரல் தரையில சுண்ணாம்புத் தூள் ஒரு மழைக்குத் தாங்காது. அட்டைப் பெட்டி கட்டுற பிளாஸ்டிக் பட்டையை விரிச்சு, ரெண்டு மீட்டருக்கு ஒரு ஆணி அடிங்க. எல்லைக்கு 140, மூணு குறுக்குக் கோட்டுக்கு 60, ஆக 200 மீட்டர் போதும். ஆணித் தலை தரைக்கு மேல நிக்கக் கூடாது.

நடுவுல கட்டுறது நெட் இல்லை. 3 முதல் 6 செ.மீ. அகலப் பட்டை. மேல்விளிம்பு ஆண்களுக்கு 2 மீட்டர், பெண்களுக்கு 1 மீட்டர் 90. நைலான் கட்டில் நாடா அகலத்துக்கு நல்லாப் பொருந்தும். பருத்தி நாடா வேண்டாம், நனைஞ்சா கனத்துத் தொங்கும். ஆனா 20 மீட்டர் தூரத்துக்கு வெறும் நாடாவைக் கட்டினா என்ன இழுத்தாலும் நடுவுல தொய்யும். நாடாவோட மேல்விளிம்பை மடிச்சுத் தைச்சு உள்ளே மெல்லிய கம்பி வடம் கொடுங்க. ஒரு முனையில டர்ன்பக்கிள் (கம்பியை இழுத்து இறுக்குற திருகு) போட்டு முறுக்குங்க. உயரத்தைக் கம்பத்துல அளக்காதீங்க, நடுவுல அளங்க. கம்பத்துக்கு 2 அங்குல ஜி.ஐ. பைப், 2 மீட்டர் 60 வெட்டி 60 செ.மீ. கான்கிரீட்டுக்குள்ள. இந்த இழுப்புக்குக் கம்பம் உள்நோக்கிச் சாயும், அதனால வெளிப்பக்கம் ஒரு ஸ்டே கம்பி கட்டாயம்.

பந்து: ஆண்களுக்கு 350 முதல் 380 கிராம், பெண்களுக்கு 320 முதல் 350. சுற்றளவு 65 முதல் 68 செ.மீ. காற்றழுத்தம் 0.55 முதல் 0.75 பார், நம்ம பம்ப் மீட்டர்ல 8 முதல் 11 பி.எஸ்.ஐ. வாலிபாலை வச்சு ஆரம்பிக்காதீங்க. அது 260 முதல் 280 கிராம்தான், காற்றும் கம்மி. கைக்கு வேற எடை பழகிப்போகும், பவுன்ஸும் கம்மியாத்தான் வரும். அஞ்சாம் நம்பர் ஃபுட்பால் 410-க்கு மேல, அது தோளைப் பதம் பார்க்கும். நாலாம் நம்பர் ஃபுட்பால்தான் கிட்டத்துல வர்றது: 350 முதல் 390 கிராம், சுற்றளவு 63.5 முதல் 66. கடைக்கு அளவுநாடாவும் சின்னத் தராசும் கொண்டு போய், 65-க்கு மேல சுற்றளவும் 370-க்குள்ள எடையும் இருக்கிறதைப் பொறுக்கி எடுங்க. மேல்தோல் வழவழன்னு, தையல் பள்ளம் ஆழமில்லாம இருக்கணும். பள்ளம் ஆழமா இருந்தா முன்கைத் தோல் உரியும்.

காற்றை நிழல்ல வச்சு அடிங்க. 25 டிகிரியில 0.6 பார் அடிச்ச பந்து வெயில்ல 45 டிகிரிக்குச் சூடானா 0.7-ஐத் தாண்டும். காலையில சரியா இருந்த பந்து மதியம் தலைக்கு மேல துள்ளுறதுக்குக் காரணம் இதுதான்.

சரல் தரையைப் பற்றி: முழுக் களத்தையும் செப்பனிட முடியலைன்னா ரெண்டு இடத்தை மட்டும் பாருங்க. நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 4 மீட்டர், அட்டாக்கர் குதிச்சு இறங்குற இடம். அப்புறம் நடுக்கோட்டுல இருந்து 10-க்கும் 20-க்கும் இடைப்பட்ட பகுதி, பெரும்பாலான சர்வீஸ் குத்துற இடம். கல்லைப் பொறுக்கி, சலிச்ச செம்மண் போட்டு நனைச்சு உருளை விடுங்க. ஒரு சின்னக் கல் போதும், பந்து முகத்துக்கு வரும். குளச்சல், முட்டம் கடற்கரைப் பிள்ளைகள் மணல்ல ஆடலாமான்னு கேட்பாங்க. உதிரி மணல்ல பந்து எழும்பாது, இந்த ஆட்டத்துக்கு ஆகாது.

கல்குளம்_பிடி:

ரொம்ப நன்றி, எல்லாமே உபயோகமா இருக்கு. ரெண்டு சந்தேகம். தோவாளை பக்கத்துப் பள்ளி ஒண்ணும் சேர ஆசைப்படுது. ஆரல்வாய்மொழிக் காற்றுல 370 கிராம் பந்து நிக்குமா? களத்தை எந்தத் திசையில போடணும்? இன்னொண்ணு, பிளஸ் டூ முடிச்சு ஜெர்மனிக்குப் படிக்கப் போற பிள்ளைகள் இப்போ நிறைய. அங்கே போய் இதைத் தொடர முடியுமா?

நாஞ்சில்_அட்டாக்கர்:

திசை வடக்கு-தெற்குதான் சார். சாயங்கால வெயில் கண்ணுல அடிக்கக் கூடாது. உயரமா எழும்புற செட்டைப் பார்த்து அடிக்கிற ஆட்டம், சூரியன் எதிர்ல இருந்தா அட்டாக்கருக்குப் பந்தே தெரியாது.

ஆரல்_மேற்கு:

நாஞ்சில் அண்ணன் சொல்றது தக்கலைக்குச் சரி. இங்கே சரிவராது. முப்பந்தல் கணவாய்க்குள்ள மே கடைசியில இருந்து செப்டம்பர் வரை மேற்குக் காற்று ஒரே திசையில அடிக்கும். வடக்கு-தெற்கா களம் போட்டா அது பக்கவாட்டுக் காற்று. குத்தி எழும்பின பந்து ஒவ்வொரு தடவையும் கிழக்கு எல்லைக்கு வெளியே போகும், ரேலியே நிக்காது, செட்டர் எவ்வளவு நல்லா தூக்கினாலும் வீண். கிழக்கு-மேற்கா போட்டா ஒரு அணிக்கு எதிர்க்காற்று, மறு அணிக்குப் பின்காற்று. செட்டுக்கு செட் பக்கம் மாறுறதால அது சமமாகிடும், பிள்ளைகளும் ரெண்டு விதமும் படிப்பாங்க. வெயிலுக்கு ஆட்ட நேரத்தை மாத்திக்கலாம், காற்றுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. காலை எட்டுல இருந்து பத்து வரை வச்சா சூரியனும் ஓரளவு மேல ஏறியிருக்கும், காற்றும் மதியத்தை விடத் தணிவா இருக்கும்.

எதிர்க்காற்றுல ஆடும்போது செட்டைத் தாழ்த்துங்க, கயிற்றுக்கு மேல ஒரு மீட்டர் போதும். அட்டாக்கர் நீளமா அடிக்காம முன்கோட்டுப் பக்கம் குட்டையா இறக்கட்டும், காற்று அந்தப் பந்தை அங்கேயே நிறுத்தும். பின்காற்றுல சர்வீஸ் போடுறவன் கோட்டுல இருந்து இன்னும் ரெண்டு மூணு மீட்டர் பின்னால நின்னு போடணும், இல்லைன்னா 25 மீட்டருக்குள்ள பந்து விழாது.

மழை மாசங்கள், அதாவது ஜூன்-ஜூலையும் அக்டோபர்-நவம்பரும், ஜெர்மன்காரனோட அரங்க சீசன் மாதிரி வச்சுக்கலாம். 40 மீட்டர் அரங்கம் கிடைக்காது. ஒரு ஷட்டில் கோர்ட் கூரை போதும். ஒருத்தர் 10 மீட்டர்ல இருந்து தாழ்வா எறிய, மறுபக்கம் ஒரு கையால எடுத்து நடுவுல வச்ச பிளாஸ்டிக் கூடைக்கு மேல தூக்கணும். வேகமான சிமென்ட் தரையில பவுன்ஸ் படிக்க இது உதவும். முழுக்களப் பயிற்சி டிசம்பர் கடைசியில இருந்து மார்ச் வரை.

விளவங்கோடு_கோச்:

காற்றைப் பற்றி ஆரல் தம்பி சொன்னது முழுக்க சரி.

ஜெர்மனி விஷயம்: தாராளமா தொடரலாம். போறதுக்கு முன்னாலேயே, சேரப்போற பல்கலைக்கழக ஊருக்குப் பக்கத்துல ஃபிஸ்ட்பால் பிரிவு உள்ள கிளப் எதுன்னு பார்த்து வைங்க. ஜெர்மன்ல ஃபவுஸ்ட்பால்னு தேடணும், ஆங்கிலப் பேர்ல ஒண்ணும் கிடைக்காது. எல்லா ஊர்லயும் இருக்காது. ஹெஸ்ஸன், பாடன்-வூர்ட்டம்பெர்க், பவேரியா, லோயர் சாக்ஸனி மாநிலங்கள்ல அதிகம். பயிற்சிக்கு வரலாமான்னு ஜெர்மன் மொழியில நாலு வரி மெயில் போட்டாப் போதும். உறுப்பினரா சேர்ந்து ஒரு கட்டணம் கட்டணும். லீக்ல ஆட, கிளப் மூலமா ஆட்டக்காரர் பாஸ் (ஆட அனுமதி அட்டை) எடுக்கணும். பாஸ் வர நாளாகும், அதனால சீசன் தொடங்குறதுக்கு முன்னாலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்க. முதல்நிலை அணியில உடனே இடம் எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலான கிளப்புகள்ல ரெண்டாவது, மூணாவது அணி கீழ் லீக்ல ஆடும். பின்வரிசைக்கு ஆள் தேவை எப்போதும் இருக்கும், ஒரு கையால சுத்தமா எடுக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்கும். அடிக்க மட்டும் தெரிஞ்சவனுக்குக் கஷ்டம்.

சான்றிதழ் விஷயத்துல வீட்டாருக்கு ஒரு வார்த்தை தெளிவா சொல்லிடுங்க. இது ஒலிம்பிக் ஆட்டம் இல்லை. 1985-ல இருந்து உலக விளையாட்டுகள்ங்கிற வேர்ல்டு கேம்ஸ்ல இருக்கு, பெண்கள் பிரிவு 2022-ல அமெரிக்காவின் பர்மிங்ஹாம்ல சேர்ந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எந்தெந்த ஆட்டம், எந்தச் சங்கத்தோட சான்றிதழ் செல்லும்னு அந்தந்த வருஷத்து அரசாணையில இருக்கும். நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துல மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல அதைக் கேட்டு எழுத்துல வாங்கின பிறகு, போட்டி நுழைவுக் கட்டணம், பயணச் செலவுன்னு பிள்ளைகளோட வீட்டுல காசு கேளுங்க. அதுவரை வாலிபால் பயிற்சியை நிறுத்தாதீங்க. வாரத்துல நாலு நாள் வாலிபால், ரெண்டு நாள் ஃபிஸ்ட்பால். ரெண்டும் ஒரே நாள்ல வேண்டாம், கை குழம்பும்.